அப்பாவின் நோயை எழுதலாமா?



ஆரணிப் பக்கம் பட்டுத்தறி போட்டிருக்கும் குடும்பத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு 31 வயது. மாமனாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மாமனாரின் அண்ணனும் கிட்னி கெட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். கணவர் பேரில் ஆயுள் காப்பீடு எடுக்கலாமென்று முகவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். படிவத்தில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களின் உடல்நிலையைக் கேட்கும் கட்டம் வந்ததும் அவர், “அந்தக் கிட்னி கதையெல்லாம் எழுத வேணாம்மா. எழுதினா பாலிசி வராது. மூணு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் ஒருத்தரும் கேக்க முடியாது” என்றிருக்கிறார். எழுதவா, விடவா என்று நம்மிடம் கேட்கிறார் வாசகி.

எழுதச் சொல்லுங்கள், சகோதரி. ஒரு வரி விடாமல் எழுதச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லத்தான் இந்த மாதம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். வந்தவாசியில் கோரைப்பாய் நெய்கிற வீட்டிலும், ஆரணியில் சேலை நெய்கிற வீட்டிலும் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பென்ஷன் கிடையாது. நெய்கிறவர் போய்விட்டால் அன்றோடு தறி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இறப்புக்குப் பின் வரவேண்டிய பணம், ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால் வராமல் போகக் கூடாது.

முதலில், மாமனாருக்கு வந்தது என்ன நோய் என்று தெரிய வேண்டும். நம் ஊரில் “கிட்னி போச்சு”, “கிரியாட்டினின் ஏறிடுச்சு” என்ற இரண்டு பேச்சுக்குள் எல்லா நோயும் அடங்கிவிடும். சர்க்கரையால் கெட்டதும், இரத்த அழுத்தத்தால் கெட்டதும், கல்லடைப்பை நாள்கணக்கில் கவனிக்காமல் விட்டதால் கெட்டதும், மூட்டு வலிக்குக் கடையில் வாங்கித் தின்ற மாத்திரையால் கெட்டதும் இதில் சேரும். இவை பிள்ளைக்கு அப்படியே இறங்கும் நோய்கள் அல்ல. பரம்பரையாக இறங்குவது வேறு. அதில் பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது ‘பாலிசிஸ்டிக் கிட்னி’ என்று டாக்டர்கள் எழுதும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். 400 முதல் 1,000 பேருக்கு ஒருவர் என்பது பாடநூல் கணக்கு. ஆகவே இது அபூர்வ நோய் இல்லை.

இந்த நோயில் இரண்டு சிறுநீரகங்களிலும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தோன்றி, வருஷம் வருஷமாகப் பெருகும். ஒரு ஜாண் நீளம்கூட வராத உறுப்பு, இரண்டு மடங்கு மூன்று மடங்கு வீங்கிவிடும். ஆனாலும் முப்பது, நாற்பது வயது வரைக்கும் கிரியாட்டினின் சரியாகவே காட்டும். நல்ல பகுதி கெட்ட பகுதியின் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்துவிடும். முதலில் ஏறுவது இரத்த அழுத்தம்தான். முப்பது வயதுத் தறிக்காரர் பிபி பார்த்துக்கொள்வது எங்கே நடக்கிறது? அதனால்தான் பல குடும்பங்களில் அப்பா டயாலிசிஸுக்குப் போன பிறகுதான் மகனுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். அதுவும் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால்தான்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதமில்லை. பெரும்பாலானோருக்கு 16-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் பழுது. அதைக் கண்டுபிடித்தது 1994-இல். இன்னொரு பகுதியினருக்கு 4-ஆம் குரோமோசோமில். அது 1996-இல் தெரியவந்தது. முதல் வகையில் பலருக்கு ஐம்பதுகளிலேயே சிறுநீரகம் கைவிட்டுவிடும். இரண்டாவது வகை மெதுவானது, எழுபதைத் தாண்டியும் டயாலிசிஸ் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. காப்பீட்டுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. மரபணுச் சோதனை எடுக்காமலேயே ஒரு கேள்வியில் ஓரளவு விடை கிடைத்துவிடும்: அப்பாவுக்கு எந்த வயதில் டயாலிசிஸ் ஆரம்பித்தது? 48 என்றால் ஒரு கதை, 72 என்றால் வேறு கதை. ஆகவே சகோதரி, மாமனாரின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தேடி எடுத்து வையுங்கள். உங்கள் கணவருக்குச் சாதகமாகவும் அந்தத் தாள்களே பேசக்கூடும். மாமனாருக்குச் சர்க்கரையால்தான் கெட்டது என்று அதில் இருந்தால் இந்தப் பரம்பரைப் பேச்சே முடிந்துபோகும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் எந்த நோய் வந்தாலும் “சொந்தத்துல கட்டினதால வந்துச்சு” என்று ஒரு பேச்சு வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொண்டவர்களின் மனத்தை அது எவ்வளவு நோகடிக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கு வரும் இந்த நீர்க்கட்டி நோய்க்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், நோய் இறங்கும். இரண்டு பக்கமும் மறைந்திருந்து, இரண்டும் சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் சிறுநீரக நோய்கள் வேறு சில இருக்கின்றன. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடுபவை அவை. சொந்தத்தில் கட்டுவது கூட்டுவது அவற்றைத்தான். ‘ஆல்போர்ட்’ என்று இன்னொன்று உண்டு. சிறுநீரில் இரத்தம் கலக்கும், காது மந்தமாகும். அதன் பரவலான வகையில் அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்காது, மகளுக்கு இறங்கும். அம்மாவிடமிருந்து இருவருக்கும் இறங்கலாம். குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் காது கேட்காமல் போனது என்று டாக்டர் கேட்டால் அதன் காரணம் இதுதான்.

சரி, படிவத்தை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்?

முகவர் கொண்டுபோகும் படிவத்தை, ஏற்கலாமா, என்ன விலைக்கு ஏற்கலாம் என்று முடிவு செய்யத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். அண்டர்ரைட்டர் என்பார்கள். இந்த வேலைக்கு ஒரு கணக்கு முறையை 1919-இல் நியூயார்க் லைஃப் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹன்ட்டரும் ஆஸ்கர் ரோஜர்ஸும் எழுதி வைத்தார்கள். இன்று வரைக்கும் உலகம் முழுக்க அதன் வழித்தோன்றல்கள்தான் ஓடுகின்றன. சராசரி ஆளுக்கு 100. உடம்பில், குடும்பத்தில், தொழிலில் உள்ள ஒவ்வொரு ஆபத்துக்கும் கொஞ்சம் கூட்டுவார்கள், நல்லதற்குக் கழிப்பார்கள். 150 வந்தால், அதே வயதுள்ள சராசரிக் கூட்டத்தைவிட ஒன்றரை மடங்கு இறப்பு எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கேற்பப் பிரீமியம் கூடும். ஒவ்வொரு நிறுவனமும் ஓர் எல்லை வைத்திருக்கும். அதைத் தாண்டினால் மறுப்பு, அல்லது “இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்” என்ற ஒத்திவைப்பு. முழுத்தொகையை முதல் நாளிலிருந்தே தராமல், முதல் சில வருடங்களுக்குக் குறைத்துத் தருவதாக நிபந்தனை போடுவதும் உண்டு. அதற்கு லியன் என்று பெயர்.

உங்கள் கணவர் விஷயத்தில் அவர்கள் முதலில் கேட்பது வயிற்று ஸ்கேனாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு நோய் உறுதியான குடும்பத்தில், பிள்ளைக்கு நோய் இருக்கிறதா என்று ஸ்கேனை வைத்துச் சொல்ல 2009-இல் வெளியான ஓர் அளவுகோல் டாக்டர்களிடம் இருக்கிறது. 15 முதல் 39 வயதுக்குள் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று கட்டியாவது இருந்தால் நோய் உண்டு. 40 முதல் 59 வரை ஒவ்வொரு பக்கமும் இரண்டாவது. 60-க்கு மேல் ஒவ்வொரு பக்கமும் நான்காவது. வயது ஏற ஏற யாருக்கும் ஒன்றிரண்டு சாதாரணக் கட்டி வரும் என்பதால்தான் எண்ணிக்கை கூடுகிறது. “கிட்னியில ஒரு நீர்க்கட்டி” என்று ரிப்போர்ட்டில் பார்த்து ராத்தூக்கம் தொலைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐம்பது வயதில் ஒரு பக்கம் ஒரு கட்டி என்பது பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு கட்டியைக் காட்டி உங்களுக்குக் கூடுதல் பிரீமியம் போட்டிருந்தால், சிறுநீரக டாக்டரிடம் எழுதி வாங்கி மறுபரிசீலனை கேளுங்கள்.

இல்லை என்று சொல்வதற்கும் அளவு உண்டு. 40 வயதாகியும் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் இந்த நோய் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். முப்பதுகளில் கட்டியே இல்லையென்றால் ஏறத்தாழ நிச்சயம். இருபதுகளில் சுத்தமாக இருப்பதை மட்டும் முழுதாக நம்ப முடியாது. மெதுவாக வெளிப்படும் இரண்டாவது வகைக் குடும்பங்களும் இருக்கின்றன. எம்ஆர்ஐ எடுத்தால் இளவயதிலும் தெளிவு கிடைக்கும். உங்கள் கணவருக்கு 31. ஸ்கேன் சுத்தமாக வந்தால் மாமனாரின் நோயை எழுதியதாலேயே அவருக்குச் சாதாரணப் பிரீமியத்துக்கு வழி பிறக்கும். எழுதாமல் விட்டிருந்தால் ஸ்கேனே எடுத்திருக்க மாட்டார்கள், நமக்கும் தெரிந்திருக்காது.

கட்டிகள் இருந்தால்? அப்போதும் எல்லோருக்கும் ஒரே விலை சொல்வது நியாயமில்லை. வயது, பிபி, சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர், இவை எல்லாம் பார்க்கப்பட வேண்டும். இஜிஎஃப்ஆர் 90-க்கு மேல் என்றால் நல்ல நிலை. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நோய். 15-க்குக் கீழ் என்றால் டயாலிசிஸ் பேச்சு. வெறும் கிரியாட்டினின் எண்ணை வைத்து முடிவு செய்தால் பிசகும். 1.3 என்பது அறுபது வயது மெலிந்த பெண்ணுக்கும் முப்பது வயது கட்டுமஸ்தான ஆணுக்கும் ஒன்றல்ல. இப்போது சிறுநீரகத்தின் பருமனை அளந்து, வயதோடும் உயரத்தோடும் பொருத்தி, நோய் மெதுவாகப் போகுமா வேகமாகப் போகுமா என்று ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2015-இல் வெளியிட்ட முறை அது. அதன்படி மெதுவான வகுப்பில் வரும் ஒருவருக்கு, 55 வயதோடு முடியும் பாலிசியை மறுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆபத்து பிந்திய வயதில் வரும் நோய் இது. நீண்ட காலப் பாலிசிக்குத் தயங்கினால் குறுகிய காலத்துக்காவது தரலாம். நோயின் பெயரைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடும் பழக்கம் எந்த நிறுவனத்தில் இருந்தாலும் அது போக வேண்டும் என்பதே என் கருத்து. கூடுதல் விலை சொல்லுங்கள், கொடுக்கிறோம். கதவைச் சாத்தாதீர்கள்.

பிறப்பை வைத்து விலை சொல்வது நம் நாட்டில் காப்பீட்டோடு கூடவே பிறந்தது. மதராஸ் ஈக்விட்டபிள் என்ற நிறுவனம் 1829-இலேயே சென்னை மாகாணத்தில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் இந்தியர்களை ஏற்க மறுக்கும், ஏற்றாலும் கூடுதல் பிரீமியம் வாங்கும். இந்தியன் என்பதே ஒரு நோய் மாதிரி. 1870-களின் தொடக்கத்தில் பம்பாய் மியூச்சுவல் வந்து இந்தியர்களுக்கும் சாதாரண விலை என்று சொன்னபோதுதான் அது உடைந்தது. அன்று தோல் நிறம் ஆபத்தாகத் தெரிந்தது. இன்று மரபணு உண்மையிலேயே ஆபத்தைக் காட்டுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் அந்த மனிதர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அந்த நினைவு அண்டர்ரைட்டரின் மேசையில் இருக்க வேண்டும்.

நீதிமன்றம் இதைத் தொட்டிருக்கிறது. பரம்பரை இதய நோய் உள்ள ஒருவருக்கு, ‘மரபணுக் கோளாறு’ என்ற விலக்குப் பிரிவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டுப் பணம் மறுக்கப்பட்ட வழக்கில், டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங் 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னார். அவ்வளவு பரந்த விலக்கு பாகுபாடு, அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவுக்கு விரோதம் என்றார். அடுத்த மாதமே, மரபணுக் கோளாற்றைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. ஆனால் அந்தச் சுற்றறிக்கை மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டுமே. ஆயுள் காப்பீட்டில் இதற்கான காவல் நம்மிடம் இன்னும் இல்லை. கனடா 2017-இல் சட்டம் போட்டு, மரபணுச் சோதனை முடிவை எந்த ஒப்பந்தத்துக்கும் நிபந்தனையாகக் கேட்பதைத் தடுத்தது. 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிரிட்டனில் அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நோய் வரும் முன் எடுத்த மரபணுச் சோதனை முடிவைப் பெரிய தொகைக்கு, அதுவும் ஹன்டிங்டன் என்ற ஒரே நோய்க்குத்தான் கேட்கலாம். அங்கேயும் குடும்ப வரலாற்றைக் கேட்கலாம், ஸ்கேனில் தெரிந்ததைக் கேட்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது முகவர் சொன்ன ‘மூணு வருஷம்’ கதைக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆபத்து.

1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு ஆகிவிட்டால், எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்க முடியாது. நல்ல சட்டம். ஆனால் அந்த மூன்று ஆண்டு எங்கிருந்து எண்ணப்படுகிறது? பாலிசி கொடுத்த நாள், ஆபத்துப் பொறுப்பு தொடங்கிய நாள், காலாவதியான பாலிசியைப் புதுப்பித்த நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. இந்தப் ‘புதுப்பித்த நாள்’ என்ற சொல்லில்தான் நம் தறிக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, சேலை தேங்கும், பாவு வராது, கூலி வராது. அந்த மாதங்களில்தான் பிரீமியம் கட்டாமல் பாலிசி லேப்ஸ் ஆகும். தையில் கையில் காசு வந்ததும் புதுப்பிக்கப் போவார்கள். அப்போது உடல்நிலை பற்றி மறுபடி ஓர் உறுதிமொழி கேட்கலாம், மறுபடி மூன்று ஆண்டு முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும். பத்து வருடம் கட்டிய பாலிசி, சட்டத்தின் கண்ணில் கைக்குழந்தை ஆகிவிடும்.

அந்த மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் விசாரணைக்கு ஆள் வருவது வழக்கம். வேலூரோ, காஞ்சிபுரமோ, சென்னையோ, எந்த ஆஸ்பத்திரியில் எப்போது சீட்டுப் போட்டார்கள் என்று பார்ப்பார்கள். மறைத்தது மோசடி என்று தீர்மானமானால் கட்டிய பிரீமியமும் போகும். மோசடி இல்லை, தவறான தகவல் மட்டுமே என்றால் பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும், அதுவும் 90 நாளுக்குள். ஆனால் காப்பீட்டுத் தொகை கிடையாது. வேண்டுமென்று மறைக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம், பாலிசிதாரர் போன பின், விதவையின் தலையில். இதை யோசித்துப் பாருங்கள்.

சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டிருந்த ஒருவர் அதைச் சொல்லாமல் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தார். சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் சிகிச்சை பெற்ற பின் காலமானார். பணம் மறுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-இல் மனைவிக்கு எதிராகவே முடிந்தது. சிறுநீரக நோய் முக்கியமான தகவல், கேட்டால் சொல்லியே ஆக வேண்டும், முக்கியமா இல்லையா என்று முடிவு செய்வது விண்ணப்பிப்பவரின் வேலை இல்லை என்றது நீதிமன்றம். 2015-இல் வேறொரு வழக்கில் முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாமல் விட்டவர் இதய நோயில் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்லி அங்கே பணம் கொடுக்கச் சொன்னார்கள். நீர்க்கட்டி நோய்க்காரருக்கு அந்த நிழலும் சுலபத்தில் கிடைக்காது. இந்த நோய் பிபியை ஏற்றி இதயத்தைத் தொடும். நூற்றில் எட்டுப் பத்துப் பேருக்கு மூளை இரத்தக்குழாயில் புடைப்பு வரும். அது வெடித்தும் உயிர் போகலாம். எதில் இறந்தாலும் தொடர்பு காட்ட முடியும்.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். “இது நான்-மெடிக்கல் பாலிசி, ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்பார்கள். டாக்டர் தொட்டுப் பார்க்க மாட்டார் என்பதுதான் அதன் பொருள். படிவத்தில் கேள்விகள் அப்படியே இருக்கும், உங்கள் பதிலை மட்டுமே நம்பித் தருவதால் அந்தப் பதிலின் கனம் கூடத்தான் செய்யும். முகவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் கைநாட்டு வைக்கிறவருக்கும், கேள்விகளைப் படித்து விளக்கினேன் என்று இன்னொருவர் எழுதித் தரும் இடம் அதே படிவத்தில் இருக்கிறது. உண்மையிலேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாலிசிப் பத்திரம் வந்ததும் அதோடு வரும் விண்ணப்ப நகலைப் பாருங்கள். ஏற்கெனவே மறைத்து எடுத்துவிட்ட வாசகர்கள் இருந்தால் மனசு ஒடிந்துபோக வேண்டாம். உள்ளதைச் சொல்லி நிறுவனத்துக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை வாங்கி, பாலிசியோடு பத்திரப்படுத்துங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், மறுப்பும் வரலாம். உயிரோடு இருக்கும்போது வரும் மறுப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

கணவருக்குப் பாலிசி மறுத்தேவிட்டார்கள் என்றே வைப்போம். வீடு வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். மருத்துவச் சோதனை இல்லை. வருடம் 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், 55 வயது வரை வருடா வருடம் புதுப்பிக்கலாம். சேர்ந்த முதல் 30 நாளுக்குள் விபத்து அல்லாத இறப்புக்கு மட்டும் பணம் இல்லை. மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது ஒன்றுதான் நம் வேலை. தறியை விட்டுச் செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று உண்டு. பிஎஃப் பிடிக்கப்படும் தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால், இடிஎல்ஐ என்ற திட்டத்தில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டாம், உடம்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பிஎஃப் கணக்கில் நாமினி பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

“பாலிசி எடுத்த பிறகு ஸ்கேன் பார்த்துக்கலாம், தெரியாத வரைக்கும் பொய் இல்லையே” என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி, தெரிந்ததைச் சொன்னால் போதும் என்பது சரிதான். அப்பாவின் நோயை உள்ளபடி எழுதிவிட்டு, ஸ்கேன் வேண்டுமா என்று அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் காப்பீட்டுக்குப் பயந்து வருடக்கணக்கில் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இளவயதிலேயே பிபியை நன்றாகக் குறைத்து வைத்தவர்களுக்குச் சிறுநீரகம் வீங்கும் வேகம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்ததாக 2014-இல் வெளியான ஹால்ட்-பிகேடி ஆய்வு காட்டியது. வேகமாகப் போகும் நோயை மெதுவாக்க டோல்வாப்டான் என்ற மாத்திரை ஜப்பானில் 2014-லும் அமெரிக்காவில் 2018-லும் ஒப்புதல் பெற்றது. விலை எல்லோருக்கும் எட்டாது. பிபி மாத்திரை எட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறார்கள். முப்பது வயதில் தெரிந்துகொள்கிறவருக்குச் சில வருடங்கள் கூடக் கிடைக்கலாம். எந்தப் பாலிசியும் அந்த வருடங்களைத் தராது.

சிறுநீரகம் கொடுத்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்திலேயே வேலூர் சிஎம்சியில் 1971-இல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து எத்தனையோ தாய்மார்களும் மனைவிமார்களும் ஒன்றைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தானம் கொடுக்கும் முன் தலை முதல் கால் வரை சோதித்து, நல்ல உடம்பு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவரின் படிவத்தில் ‘ஒரு சிறுநீரகம்’ என்று பார்த்ததும் கூடுதல் பிரீமியம் போடுவது பெரிய அநியாயம். அப்படி நேர்ந்தால் தானத்துக்கு முன் எடுத்த சோதனைத் தாள்களையும் இப்போதைய இஜிஎஃப்ஆரையும் வைத்து எழுதிக் கேளுங்கள். இறப்புக் கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணவருக்கு அக்காவோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் இதே பாதி வாய்ப்பு உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் அப்பாவின் நோயைச் சொன்னால் புகுந்த வீட்டில் பேச்சாகிவிடும் என்று பல குடும்பங்களில் மறைத்துவிடுகிறார்கள். அவர் கர்ப்பமாக இருக்கும்போது பிபி ஏறினால், டாக்டருக்கு இந்தக் குடும்ப வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அவர் பேரிலும் நாளைக்கு ஒரு பாலிசி எடுப்பார்கள், அந்தக் கட்டம் அவர் முன்னாலும் வரும். மாமனாரின் ரிப்போர்ட்டை நகல் எடுக்கும்போது அவருக்கும் ஒரு பிரதி எடுத்து, நேரில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்